அக்கா விற்ற எண்ணெயில் கலப்படம் இல்லை

காலை ஆறு பத்துக்கு எர்ணாவூரில் அக்கா வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு மாலை. ஆள் உயர ரோஜா மாலை. இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து மினி வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தொங்கிய வெள்ளை ரிப்பனில் படகு உரிமையாளர் சங்கத்தின் பெயர் இருந்தது. அக்காவைக் கிடத்த ஐஸ் பெட்டி இன்னும் வந்திருக்கவில்லை. ராயபுரத்திலிருந்து சித்தி கிளம்பியிருக்கவில்லை. சங்கத்தின் மாலை வந்துவிட்டது.

மாலைக்குப் பின்னால் சங்கத் தலைவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புப் பட்டை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கமான மனுசி சார். இந்தப் பக்கத்துல அவங்கள மாதிரி நேர்மையா யாவாரம் பண்ண ஆளு கெடையாது" என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் அக்காவின் எண்ணெய்க் கடை வாசலில் நின்று, "கலப்பட ஆயில் வித்து எங்க வயித்துல அடிச்சிட்டா" என்று தெருவே கேட்கக் கத்தியவர் இவர்தான். அந்தச் சொல்லை அவர் அன்று திரும்பப் பெறவில்லை. அக்கா உயிரோடு இருந்தவரை பெறவில்லை. மாலையோடு வந்த அன்றும் பெறவில்லை.

இந்த நினைவு மலர், அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கப்படும். அவர்களில் கணிசமானோர் அந்தச் சங்கத்தின் மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே அக்காவின் வாழ்க்கையைச் சொல்லும்போது, ஒரு பழைய டிராக்டருக்கு அவர் எந்த எண்ணெயை எதற்காகக் கொடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நினைவு மலரில் இதெல்லாம் தேவையா என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். தேவை.

அக்கா பிறந்தது ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டில். நான்கு பிள்ளைகளில் அவர் மூத்தவர், நான் கடைசி. அப்பா துறைமுகத்தில் டிராக்டர் ஓட்டினார். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை டிரெய்லரில் ஏற்றி, கிடங்குகளுக்கு இழுத்துப் போகிற வேலை. அம்மா நுரையீரல் நோயில் படுத்தபோது அக்கா பள்ளியை விட்டு நின்றார். சமையலும் எங்கள் மூவரின் படிப்பும் அப்பாவின் காக்கிச் சட்டைகளும் அவர் பொறுப்புக்கு வந்தன. "எண்ணெயப் பத்தி எனக்குத் துணி தொவச்சிதான் தெரியும்" என்று பிற்காலத்தில் சொல்வார். "டீசல் கறை ரெண்டு தொவைல போயிடும். இன்ஜின் ஆயில் கறை மங்கும், போவாது. கியர் ஆயில் பட்ட சட்டையத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதான். நாத்தமே போவாது."

திருமணமாகி எர்ணாவூருக்குப் போனார். மாமா அங்கே லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் எண்ணெய் விற்கும் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. மகள் ஸ்டெல்லா மூன்றாம் வகுப்பில் இருந்தபோது மாமா மாரடைப்பில் போய்விட்டார். கடையை விற்றுவிடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். அடக்கம் முடிந்த வாரமே அக்கா ஷட்டரைத் தூக்கிவிட்டார். அந்த நாட்களில் நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு லாரி டிரைவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஓனர் இல்லியாம்மா?"

"ஓனர் காசிமேட்டுக் கல்லறைல கீறாரு. உனக்கு இன்னா வேணும் சொல்லு."

அந்த டிரைவர் கடைசிவரை அக்காவின் வாடிக்கையாளராக இருந்தார். அடக்கத்துக்கும் வந்திருந்தார்.

அக்காவின் கடையில் கேட்டவுடன் எண்ணெய் கிடைக்காது. முதலில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் டேங்க் இழுக்கும் டிராக்டர், கிடங்கில் டிரெய்லர் இழுக்கும் டிராக்டர், கரையில் படகு இழுக்கும் டிராக்டர் என்று அந்தப் பகுதியில் ஓடிக்கொண்டிருந்த பல வண்டிகள் அவற்றை ஓட்டுபவர்களைவிட வயதானவை. வேறு இடத்தில் ஓய்வு கொடுத்துவிட்ட வண்டிகள் வடசென்னையில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். சடையங்குப்பத்திலிருந்து வந்த ஒரு தண்ணீர் டேங்க்காரரோடு அக்கா பேசியது நினைவில் இருக்கிறது.

"இருக்கறதிலியே ஒசத்தியான ஆயில் குடுக்கா."

"ஒசத்தி தாழ்த்தின்றது உனுக்குத்தான் தெரியும், இன்ஜினுக்குத் தெரியாது. கடைசியா எப்போ பிரிச்ச?"

"இன்னாத்த?"

"இன்ஜின."

"எங்க நைனா காலத்துல பிரிச்சதா சொல்லுவாங்க."

"இத்தினி நாளு இன்னா ஊத்தின?"

"நாப்பதாம் நம்பரு."

"அதையே ஊத்து. புச்சு வேணும்னா மொதல்ல பிரிச்சிக் கழுவிட்டு வா. அப்புறம் நானே எடுத்துக் குடுக்கறேன்."

இதற்குக் காரணம் உண்டு. பழைய இன்ஜின்கள் பலவற்றில் இன்று வருவதுபோன்ற காகித வடிகட்டி கிடையாது. எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை இருக்கும், அவ்வளவுதான். நாற்பதாம் நம்பர் போன்ற அந்தக் காலத்து எண்ணெயில் அழுக்கைக் கரைக்கும் மருந்து குறைவு. கரியும் மசியும் எண்ணெயோடு சுற்றாமல் இன்ஜினின் அடித்தட்டில் படிந்துவிடும். பல ஆண்டுகளில் அது களிம்பாகும். அங்கேயே கிடக்கும்வரை தொல்லை இல்லை. இன்றைய எண்ணெய் வேறு வகை. அது அழுக்கைக் கரைத்து, சுமந்துபோய் வடிகட்டியில் சேர்ப்பதற்காகச் செய்யப்பட்டது. சுத்தமான இன்ஜினுக்கு அதுதான் நல்லது. ஆனால் களிம்பு படிந்து கிடக்கும், வடிகட்டி இல்லாத இன்ஜினில் அதை ஊற்றினால், அடியில் கிடந்தது கிளம்பி வந்து கம்பி வலையை அடைக்கும். எண்ணெய் மேலே ஏறாது. இரும்போடு இரும்பு உரசும்.

எண்ணெயோடு சேர்க்கும் புட்டி மருந்துகளைப் பற்றியும் அவருக்கு இதே கருத்துத்தான். புகையை நிறுத்தும் என்று விற்கப்படும் கெட்டியான மருந்தை அவர் கடையில் வைக்கவே இல்லை. தேய்ந்த பிஸ்டன் ரிங்கை அது மறைக்கும், சரிசெய்யாது என்பார். தேய்மானத்தைக் குறைக்கும் துத்தநாக மருந்து பழைய இன்ஜினுக்கு உதவும் என்று ஒப்புக்கொள்வார். கேட்பவருக்கு அளவு சொல்லிக் கொடுப்பார். சந்தேகம் வந்தால் வண்டியிலிருந்து எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுகோலை உருவிக்கொண்டு வரச் சொல்வார். அதன் நுனியில் நிற்கும் சொட்டைச் செய்தித்தாளின் ஓரத்தில் வைத்து, ஒரு நாள் ஊறவிட்டு, கறையின் நடுவும் விளிம்பும் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்ப்பார். அதற்கு நான் வேலை பார்த்த பத்திரிகையைத்தான் பயன்படுத்தினார். "உங்க பேப்பர்லதான் நல்லா ஊறுதுடா. நியூஸ் கம்மி, எடம் ஜாஸ்தி" என்பார்.

அக்காவிடம் குறையே இல்லை என்று எழுத மாட்டேன். பேச்சில் மிளகாய் இருக்கும். எங்கள் நடு அண்ணனோடு ஒரு கிறிஸ்துமஸ் முழுக்கப் பேசாமல் இருந்தார். எண்ணெய் விஷயத்தில் தவறும் செய்திருக்கிறார். கிடங்கு வைத்திருந்த ஒருவர் தன் டிராக்டர் இன்ஜினைப் பிரித்துக் கழுவிவிட்டதாகச் சொல்லிப் புதுவகை எண்ணெய் கேட்டார். அக்கா நம்பவில்லை, பழையதையே கொடுத்தனுப்பினார். தண்டையார்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பாஷா பாய் கடைக்கே வந்துவிட்டார். "யம்மா, நான்தான் பிரிச்சேன். என் கையாலதான் கழுவனேன். அந்தாளு புச்சுதான் ஊத்தணும்" என்றார். அக்கா உடனே அந்தக் கிடங்குக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். கடை முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி, "நான் சொன்னது தப்புப்பா. பாய் சொல்றதுதான் ரைட்டு" என்றார். பழைய டின்னைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதியதை எடுத்து வைத்தார். அதைச் சொல்வதில் அவருக்கு எந்தக் கஷ்டமும் இருந்ததாகத் தெரியவில்லை.

மழை வெள்ளம் கடைக்குள் புகுந்த வருடம், மூடிவரை நனைந்த டின்களில் பலவற்றுக்குள் தண்ணீர் போயிருக்க வாய்ப்பில்லை. வெளியே துடைத்துவிட்டு விற்றிருக்கலாம். அக்கம்பக்கத்துக் கடைகளில் அதுதான் நடந்தது. அக்கா ஒவ்வொரு டின்னையும் ஆணியால் குத்தித் திறந்து, கான்கிரீட் பலகைக்குத் தடவுவதற்கென்று கட்டட வேலைக்காரர்களிடம் தள்ளிவிட்டார். அந்த மனுஷியைத்தான் கலப்படக்காரி என்றார்கள்.

இனி அந்த டிராக்டர்.

எர்ணாவூரை ஒட்டிய குப்பத்தில் படகுகளைக் கடலிலிருந்து கரையேற்றச் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு டிராக்டர் உண்டு. துறைமுகத்தில் இழுவை வேலை பார்த்து ஏலத்தில் வந்தது. கடல் அரித்து, கல் கொட்டி, மிஞ்சியிருக்கிற ஒரு துண்டு மணலில்தான் படகுகள் ஏற வேண்டும். மணலுக்கு இரண்டு பக்கமும் பாறைக் குவியல். அந்த வண்டி இல்லாமல் அங்கே தொழில் இல்லை. ஓட்டுபவர் டில்லி.

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நாளில் அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். படகுள்ள ஒவ்வொரு வீடும் டிராக்டருக்கு ஒரு டின் எண்ணெய் கொண்டுவரும். பழைய எண்ணெயை இறக்கிவிட்டு, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, எல்லா வீட்டு டின்னிலிருந்தும் ஒவ்வொரு குவளை ஊற்றுவார்கள். எந்த வீட்டு எண்ணெயையும் விட்டுவிடக் கூடாது. விட்டால் அந்த வீட்டை ஒதுக்கியதாக அர்த்தம். அந்த வீட்டுப் படகை இழுக்க வண்டிக்கு மனசு வராது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆளுக்கு ஒரு வகை எண்ணெய் கொண்டுவந்தால் இன்ஜின் என்னவாகும்? மாமா காலத்திலேயே இதற்கு ஒரு வழி செய்திருந்தார்கள். எல்லா வீடுகளும் ஒரே கடையில், ஒரே எண்ணெய் வாங்கும். அக்கா எடுத்து வைக்கும் நாற்பதாம் நம்பர். ஊற்றும் முன் முதல் குவளை அக்காவிடம் வரும். விரலில் தொட்டுத் தேய்த்து, முகர்ந்து, "ஊத்துங்க" என்பார். வேறு மதத்துப் பெண்மணிக்கு அந்தக் கரையில் கிடைத்த மரியாதை அது. அக்கா அதைப் பெரிதாக மதித்தார். அன்றைக்கு மட்டும் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போவார்.

தலைவர் கடை வாசலில் கத்திய வருடம் டிராக்டர் புகை கக்கிக்கொண்டிருந்தது. தலைவரின் மருமகன் எங்கிருந்தோ ஒரு புட்டி வாங்கி வந்தார். இன்ஜினுக்குள் படிந்த கரியைக் கரைக்கும் மருந்து. டில்லி அதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்தார். அன்று நான் கடையில் இருந்தேன்.

"யக்கா, இத ஊத்தலாமா? தலைவர் வூட்ல குடுத்தாங்க. புச்சு ரத்தம் ஊறும்ன்றாங்க."

அக்கா புட்டியைத் திருப்பிப் பார்த்தார். "இது மருந்து இல்ல டில்லி, பேதி மாத்திர. இத ஊத்தினா பத்து நிமிசம் சும்மா ஓட விட்டு, உள்ள கீறது அம்புட்டையும் கீழ எறக்கிடணும். அடித்தட்டக் கழட்டி வலையக் கழுவணும். அப்புறம்தான் புச்சு ஆயில். எறக்காம வண்டிய இழுக்க வெச்ச, அதோட கத முடிஞ்சிது."

"எறக்கிடறேன்கா."

"தடை முடியற அன்னிக்கி ஊத்தாத. அதுக்கு முன்னாடியே ஊத்திக் கழுவிடு. புரிஞ்சிதா?"

"புரிஞ்சிதுக்கா. நீ மெரட்டாத."

தடை முடிவதற்கு முன் அது நடக்கவில்லை. தலைவருக்கு அந்தப் புட்டி தன் வீட்டுப் பங்காக எல்லோர் முன்னாலும் ஊற்றப்பட வேண்டும். அக்கா அந்த நாள் ஸ்டெல்லாவின் பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருந்தார். கரைக்குப் போகவில்லை. எல்லா வீட்டுக் குவளையும் ஊற்றி முடித்த பிறகு, கடைசியாகத் தலைவர் வீட்டுப் புட்டியும் ஊற்றப்பட்டது. டில்லி, "இப்போ எறக்கிடணும் தலைவரே. அக்கா சொல்லிச்சு" என்றார். தலைவர் சொன்ன பதிலை டில்லியே பிறகு என்னிடம் சொன்னார்: "எல்லா வூட்டு எண்ணெயும் உள்ள போயிருக்குது. அத மண்ணுல ஊத்தச் சொல்றியா? நாளைக்கி ஒரு வூட்டுக்காரன் மூஞ்சில நான் முழிக்கணுமா வேணாமா?"

சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. மருந்து உள்ளேயே இருக்க, வண்டி மறுநாளே படகு இழுத்தது.

ஒரு வாரம் ஓடியது. அதன்பின் ஒரு காலை, மீன் நிரம்பிய பைபர் படகு ஒன்று பாதி மேட்டில் இருக்கும்போது இன்ஜின் இறுகி நின்றது. டில்லி சொன்னார்: "ஆயில் பிரசர் முள்ளு கீழ எறங்கிகினே இருந்திச்சு சார். நான் பாத்தேன். தலைவரு இழு இழுன்னாரு. இழுத்தேன். உள்ள டமார்னு ஒரு சத்தம்." கயிறு தளர்ந்தது. அடுத்த அலை படகைக் குறுக்கே திருப்பிப் பாறையில் மோதியது. படகின் வயிறு பிளந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

மதியத்துக்குள் குப்பமே கடைக்கு முன்னால் கூடியது. தலைவர் பேசியதை மேலே எழுதிவிட்டேன். அக்கா கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்தார்.

"என் ஆயில்ல கோளாறுன்னா இன்ஜினப் பிரி. என் முன்னாடி பிரி. உள்ள இன்னா கீதோ நானும் பாக்கறேன்."

"பிரிச்சி இன்னாத்தப் பாக்கறது? அதான் போச்சே!"

"அந்தப் புட்டிய ஊத்தினீங்களா?"

தலைவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். டில்லி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் யாரோ, "டூப்ளிகேட் ஆயில் விக்கிறவ கேள்வி வேற கேக்கறா பாரு" என்றார்கள். இன்னொருவர் கடைப் பலகையை உதைத்தார். இத்தனை வருடம் அக்கா முகர்ந்து கொடுத்த எண்ணெயில் தொழில் செய்தவர்கள் அவர்கள்.

அதன்பின் குப்பத்திலிருந்து ஒருவரும் கடைக்கு வரவில்லை. சேதி சடையங்குப்பம்வரை போனது. மற்ற டிராக்டர்காரர்களும் குறைந்தார்கள். எண்ணெய் வியாபாரத்தில் கலப்படம் என்ற சொல் ஒருமுறை ஒட்டினால் போகாது. அக்கா தினமும் ஷட்டரைத் தூக்கி, தினமும் டின்களைத் துடைத்து வைத்தார்.

டிராக்டர் பாஷா பாயின் பட்டறைக்குத்தான் போனது. அவர் இன்ஜினைப் பிரித்தார். தலைவரும் டில்லியும் பக்கத்தில் நின்றார்கள். அடித்தட்டில் கறுப்புக் களிம்பு புளிக்கரைசல்போலக் கிளம்பியிருந்தது. உறிஞ்சு குழாயின் கம்பி வலை ஒரு கண்கூட விடாமல் அடைத்திருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் எண்ணெயே போகவில்லை. பேரிங்குகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. பாஷா பாய் அவர்களிடம் சொன்னது இது: "ஆயில்ல ஒண்ணும் இல்ல. மருந்த ஊத்திட்டு எறக்காம ஓட்டிகீறீங்க. அதான்." தலைவர் சொன்னது: "சரி பாய். இது இங்கியே இருக்கட்டும்."

பாஷா பாய் அங்கேயே வைத்திருக்கவில்லை. அன்று மாலையே பேருந்து ஏறி வந்து அக்காவிடம் சொல்லிவிட்டார்.

அக்கா தலைவர் வீட்டுக்குப் போனார். ஸ்டெல்லா உடன் போனாள். தலைவர் மறுக்கவில்லை. உட்காரச் சொல்லி, கலர் வாங்கி வரச் சொன்னார். "தப்பு நடந்து போச்சுக்கா. நம்ம உள்ளுக்குள்ளயே பேசித் தீத்துக்கலாம்" என்றார். வெளியே சொன்னால், உடைந்த படகுக்கு அந்த வீட்டுக்காரர் தன்னிடம் வந்து நிற்பார் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"வெளிய சொன்னத உள்ள ஒக்காந்து அழிக்க முடியாதுப்பா" என்றார் அக்கா. "என் கட வாசலுக்கு வா. அன்னிக்கி எந்தச் சத்தத்துல சொன்னியோ, அதே சத்தத்துல சொல்லு. எனுக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"அதான் முடிஞ்சி போச்சேக்கா."

"உனுக்கு முடிஞ்சிது."

கலரைக் குடிக்காமல் எழுந்து வந்தார். அதற்குப் பிறகு அக்கா எதிர்பார்த்தது அந்த ஒரு வாக்கியத்தை மட்டுமே. வழக்கு போடலாம் என்று நான் சொன்னேன். பத்திரிகையில் எழுதலாம் என்று சொன்னேன். "நீ எழுதினா நீ சொன்னதா ஆவும். அவன் சொல்லணும்" என்றார். அடுத்தடுத்த தடைக்காலம் முடிந்த நாட்களில் குப்பத்தில் எண்ணெய் ஊற்றினார்கள். வேறு கடையில் வாங்கிய எண்ணெய். அதுவும் நாற்பதாம் நம்பர் அல்ல. இன்ஜின் பிரித்துக் கழுவப்பட்டுவிட்டதால் புதுவகைதான் சரி என்று பாஷா பாய் சொல்லியிருந்தார். அக்காவிடம் கேட்டிருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

கல்லீரலில் நோய் வந்து, அரசு மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த கடைசி மாதங்களில் டில்லி ஒருநாள் வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதார்.

"உன் மேல தப்பு இல்லன்னு எனுக்குத் தெரியும்கா. நீ சொன்னத நான்தான் கேக்கல."

"எனுக்கே தெரிஞ்சத எங்கிட்ட எதுக்குடா சொல்ற? அங்க போய்ச் சொல்லு."

"சொன்னா வண்டிய விட்டு எறக்கிடுவாங்கக்கா. ரெண்டு பொட்டப்புள்ளைங்க கீது."

அக்கா ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, "அவனுக்கு ஒரு டீ போடு" என்றார். டில்லி டீ குடித்துவிட்டுப் போனார். அவர் அங்கே போய்ச் சொல்லவில்லை. அவர் நிலைமை எனக்குப் புரிகிறது. புரிவதால் என் கோபம் குறையவில்லை.

அக்கா இறைப்பதம் சேர்ந்த நாளில் மாலை வந்தது. அடக்கத்துக்கு முன் நடந்த இரங்கல் கூட்டத்தில் தலைவர் ஒலிபெருக்கி பிடித்து, அக்காவின் நேர்மையைப் பற்றி நெடுநேரம் பேசினார். எந்த வாசலில் எந்தச் சத்தத்தில் சொல்ல வேண்டும் என்று அக்கா கேட்டாரோ, அதே வாசல். அன்றையதைவிடப் பெரிய சத்தம், ஒலிபெருக்கி இருந்தது. சொல்ல வேண்டிய வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. செத்தவருக்கு நேர்மை என்ற பட்டத்தை ஒருவர் இலவசமாகக் கொடுக்கலாம். உயிரோடு இருந்தவரிடமிருந்து பறித்ததை முதலில் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

இதை எழுதும் முன் தலைவரை நேரில் பார்த்து, எழுதப்போவதைச் சொன்னேன். அவர் தரப்பையும் கேட்டேன். "நான் இல்லன்னு சொல்லல சார்" என்றார். "ஆனா செத்தவங்க மலர்ல இன்ஜின் ஆயிலு, புட்டி, இதெல்லாம் எதுக்கு? நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க." நல்லதாக எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன்.

குப்பத்துக்கு அக்கா கடைசியாகக் கொடுத்தது மூடி முத்திரை உடையாத டின்களில் வந்த நாற்பதாம் நம்பர் ஒற்றை கிரேடு எண்ணெய். பிரிக்காத அந்த இன்ஜினுக்கு அப்போது அதுதான் ஏற்றது. அதில் கலப்படம் இல்லை. இன்ஜின் இறுகியதற்குக் காரணம் கரைக்கும் மருந்தை ஊற்றிவிட்டு இறக்காமல் ஓட்டியது. பாஷா பாய் இதைப் படித்துப் பார்த்து, தன் பெயரைப் போடலாம் என்று அனுமதி தந்திருக்கிறார்.

அக்காவின் நோய்க்காலத்தில் உதவியவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எந்த நேரம் கூப்பிட்டாலும் ஆட்டோவோடு வந்து நின்ற எதிர்வீட்டு முருகனுக்கும், வார்டில் அக்காவின் அதட்டலைப் பொறுத்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வீட்டுக்கே வந்து நற்கருணை வழங்கிய பங்குத் தந்தைக்கும், பயம் பார்க்காமல் உண்மையைச் சொன்ன பாஷா பாய்க்கும், வியாபாரம் விழுந்த பிறகும் எங்கும் போகாமல் அக்கா கடையிலேயே எண்ணெய் வாங்கிய அந்த லாரி டிரைவருக்கும் நன்றி. சிறு குழந்தையோடு தாயைப் பார்த்துக்கொண்ட ஸ்டெல்லாவுக்கு நன்றி சொன்னால் அவள் திட்டுவாள். இருந்தாலும் நன்றி.

படகு உரிமையாளர் சங்கத்தார் இந்த மலருக்கு ஓர் இரங்கல் செய்தி தந்திருக்கிறார்கள். ஸ்டெல்லா சம்மதித்ததால், ஒரு சொல்லையும் மாற்றாமல் அடுத்த பக்கத்தில் அதை அச்சிட்டிருக்கிறோம். தலைவர் கையெழுத்திட்டிருக்கிறார். டிராக்டரைப் பற்றி அதில் எதுவும் இல்லை.